இரண்டு கார்களுக்கு ஒரு கார்புரேட்டர்

"இந்த சைடு கண்ணாடி யாருது?" என்று கேட்டார் மெக்கானிக் அந்தோணி.

"என்னுது" என்றார் கால்நடை டாக்டர் தணிகாசலம்.

"உங்களுத கண்டாச்சிபுரம் சந்தையில மாடு இடிச்சி ஒடச்சிடுச்சே சார். இது ஏழுமலை சாருது."

"அப்டின்னா எடுத்து அந்தக் கோணியில போடு. அடுத்தவங்க சாமான் எனக்கு எதுக்கு?"

விழுப்புரத்தில் டாக்டர் வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை. தரையில் இரண்டு கோணிகள் விரித்துக் கிடந்தன. ஒன்று டாக்டருக்கு. மற்றது திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த ஏழுமலைக்கு. நடுவில் அந்தோணி ஸ்பானரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரின் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஏழுமலை தன் காரிலிருந்து கழற்றியதை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி மண்டி வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கும் இடத்தில் பொதுமனிதர் ஒருவர் நிற்பாரே, அப்படி நான் நின்றேன். நான்தான் எங்கள் பழைய கார் சங்கத்தின் செகரட்டரி. எனக்கு ஒரு சைக்கிள் இருந்தது.

டாக்டர் தன் காரிலிருந்த ரப்பர் ஹாரனைக் கழற்றிக் கொடுத்தார். அது ஏழுமலை வாங்கிப் போட்டது. வாங்கியவர் அதை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அது வழக்கம்போல வாத்து மாதிரி கத்தியது. யாரும் சிரிக்கவில்லை. இதில் பெரிய நஷ்டம் எனக்குத்தான். ஏனென்றால், அந்தப் பொங்கலுக்கு அந்த இரண்டு கார்களில் ஒன்றை நான் ஓட்டுவதாக இருந்தது.

ஜில்லாவிலேயே ஒன்று

கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் வெள்ளைக்காரன் காலத்து ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் ஆபீசிலும் கேட்டார்கள். வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

டாக்டரின் கார், மலைத்தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போனது. கரும்பச்சை நிறம், இரண்டே சீட், தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. மழைக்கு ஒரு கேன்வாஸ் கூரை உண்டு. அதை இழுத்து மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். இந்தக் காரில்தான் டாக்டர் கோலியனூருக்கு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போவார். அவர் போய்ச் சேரும்போது கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருக்கும். தாயும் சேயும் நலம் என்று சான்றளித்துவிட்டு, ஊர்க்காரர்கள் தள்ளிவிட, திரும்பி வருவார்.

ஏழுமலை மெட்ராசில் ஓர் ஏலத்துக்கு, எண்ணெய்ச் செக்குக்கு மோட்டார் வாங்கப் போனவர். காரோடு வந்தார். மோட்டார் சம்பந்தப்பட்ட பொருள்தானே என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தாராம். அதே கம்பெனி, அதே மாடல். நிறம் மட்டும் சிவப்பு.

தென்னாற்காடு ஜில்லாவிலேயே தன்னிடம்தான் இப்படி ஒரு வண்டி இருக்கிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் திண்டிவனத்தில் பெட்ரோல் போடும் இடத்தில் பச்சையும் சிவப்பும் நேருக்கு நேர் வந்து நின்றன. மேளம் கொட்டி வரவேற்கவில்லை. இருவருக்கும் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு டாக்டரின் வண்டி கிளம்ப மறுத்தது. ஏழுமலை இறங்கி வந்து தள்ளினார். சங்கம் அங்கேதான் பிறந்தது.

மொத்தம் ஏழு உறுப்பினர்கள். கார் வைத்திருப்பவர்கள் இருவர். மற்ற ஐந்து பேரும் காரைச் சுற்றி நிற்பவர்கள். பழைய கார்களில் ஈடுபாடு என்றால் வேகமாகப் போவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பானெட்டைத் திறந்துவைத்து, ஆளுக்கொரு வடையோடு சுற்றி நின்று, உள்ளே பார்ப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு. ஓட்டுவது அதற்கு நடுவில் வரும் இடைவேளை.

எனக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வரும். அதனால் செகரட்டரி ஆனேன்.

மடியில் கூடை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கார் இரண்டு என்று பெயர்தானே தவிர, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்.

சங்கம் பிறந்த கொஞ்ச நாளில் டாக்டரின் காரில் கார்புரேட்டர் கெட்டுப்போயிற்று. என்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து ஊட்டும் பொருள் அது. ஏழுமலையின் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் உடைந்தது. எந்த பிளக்குக்கு எப்போது பொறி போகவேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அது. நம் ஊரில் இரண்டுமே கிடைக்காது. ஆக, ஒருவரிடம் நல்ல கார்புரேட்டர், இன்னொருவரிடம் நல்ல டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டையும் சேர்த்து எந்தக் காரில் மாட்டினாலும் அது ஓடும்.

ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் சிவப்பு என்று ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் இரண்டு பாகங்களையும் ஒரு ஒயர் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் எடுத்துப்போவது என் வேலை. அடுத்த சனிக்கிழமை போய்த் திரும்ப எடுத்துவருவேன்.

கூடையைக் கீழே வைக்க மாட்டேன். மடியில்தான். பெட்ரோல் வாசனை கிளம்பிப் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளிப்பார். ஒருமுறை விக்கிரவாண்டியில் ஏறிய ஓர் அம்மாள் வெகுநேரம் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சாமி இது, கொயந்த மாதிரி அணைச்சிக்கினு வர்றே?"

"காரும்மா" என்றேன்.

அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

எட்டு போட்டவன்

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். கார்புரேட்டரை இரவல் கொடுப்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொடுப்பார்கள். ஹாரன், கண்ணாடி, ஹெட்லைட், சீட்டு மெத்தைகூடக் கைமாறும். ஸ்டீயரிங்கை மட்டும் கொடுக்க மாட்டார்கள். இடது சீட்டில் நான் எத்தனையோ தடவை உட்கார்ந்து போயிருக்கிறேன். வலது சீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் டாக்டர் வானத்தைப் பார்ப்பார். ஏழுமலை தரையைப் பார்ப்பார்.

அதற்காகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். என் மனைவி சரோஜா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"சைக்கிளுக்கும் இப்ப லைசென்ஸ் கேக்கறாங்களா?" என்றாள்.

வருஷா வருஷம் காணும் பொங்கலன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் சங்கத்தின் பெரிய ஓட்டம் நடக்கும். ஒரு கார் முன்னால் போகும். மற்றவர்கள் ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் பின்னால் போவார்கள். அந்த வருஷம் நான் விடவில்லை. இத்தனை வருஷம் கூடை சுமந்தவனுக்கு ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டேன். வாய் விட்டுக் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, இந்தப் பொங்கலுக்கு செகரட்டரிதான் ஓட்டுகிறார் என்று முடிவாயிற்று.

வீட்டில் சொன்னேன். சரோஜா நம்பவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

மெட்ராஸ் கடிதம்

கார்த்திகையில் மெட்ராசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே பழைய கார்கள் வைத்திருப்பவர்கள் மார்கழியில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். ஒரு சங்கத்திலிருந்து ஒரு கார் வரலாம். கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும், வேறு வண்டியின் பாகங்கள் இருந்தால் மார்க் குறையும்.

இதை நான் உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப என் வண்டியில என் சாமான்தான் இருக்கணும். கண்டதையும் மாட்டிக்கினு போனா அங்க இருக்கறவங்க சிரிப்பாங்க."

ஏழுமலை வடையைக் கீழே வைத்தார்.

"கண்டதுன்னா எது டாக்டர் சார்? என் கார்புரேட்டரா?"

"நான் பொதுவா சொன்னேன்."

"பொதுவா இல்ல. இத்தினி வருஷமா அது இல்லாம உங்க வண்டி மூச்சு விட்டுதா? இன்னிக்கு மெட்ராஸ்காரன் லெட்டர் போட்டான், என்னுது கண்டதாப் போச்சி."

"ஏழுமலை, உன் வண்டி மட்டும் என் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாம ஓடிடுமா?"

"அப்ப எடுத்துக்கோங்க. என்னுத என்கிட்ட குடுத்துடுங்க. யார் சாமானும் யாருக்கும் வாணாம்."

மற்ற நான்கு பேரும் பானெட்டுக்குள் ஏதோ புதிதாகத் தெரிவதுபோல எட்டிப் பார்த்தார்கள். "பொங்கல் ஓட்டம்…" என்று ஆரம்பித்தேன். யார் காதிலும் விழவில்லை.

அவரவர் சொத்து

அடுத்த ஞாயிறு நடந்ததுதான் ஆரம்பத்தில் நான் சொன்ன கோணிப் பிரிப்பு. காலையில் தொடங்கி மத்தியானம் வரைக்கும் போயிற்று. அந்தோணிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்த ஹெட்லைட் எந்தப் பொங்கலுக்குக் கைமாறியது, எந்த வைப்பர் யார் வீட்டுக் கல்யாணத்தின்போது போனது என்று ஒரு திருகாணி விடாமல் சொன்னார். இருவருமே நேர்மையானவர்கள். ஒரு வாஷர்கூட அதிகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒயர் கூடை மிஞ்சியது. யாருடையது என்று அந்தோணி கேட்டார். என்னுடையது என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். அன்று எனக்குக் கிடைத்த பங்கு அது.

முடிவில் பச்சைக் காரில் பச்சைக் காரின் பாகங்கள் மட்டும் இருந்தன. சிவப்புக் காருக்கும் அதன் பாகங்களே போய்ச் சேர்ந்தன. இரண்டும் கம்பெனியிலிருந்து வந்ததுபோலவே முழு ஒரிஜினல். இரண்டுமே ஓடவில்லை.

டாக்டர் கலங்கவில்லை. கண்காட்சிக்குள் புது கார்புரேட்டர் வரவழைத்துவிடுவேன் என்றார். பம்பாய்க்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் மரியாதையான பதில் வந்தது. கார்புரேட்டர் வரவில்லை.

மார்கழியில் ஒரு சவாரி

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை டாக்டர் ஆளனுப்பினார். போனேன். பச்சைக் கார் வாசலில் துடைத்துப் பளபளவென்று நின்றது. அதற்கு முன்னால் கோலியனூர் டிராக்டர் ஒன்று நின்றது. இரண்டுக்கும் நடுவில் தேங்காய் நார்க் கயிறு, கட்டை விரல் மூன்று சேர்ந்த கனம்.

"திண்டிவனம் வரிக்கும் இழுத்துக்கினு போயிட்டா போதும். அங்கேந்து ஒரு லாரிக்காரன் மெட்ராசுக்கு ஏத்திக்கினு போறான்" என்றார் டாக்டர். "ஸ்டீயரிங்க யாராவது புடிக்கணும். உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கில்ல?"

"நீங்க சார்?"

அவர் கயிற்றைப் பார்த்தார். "நான் பஸ்ல முன்னாடி போயிடறேன்" என்றார். தன் காரைக் கயிறு கட்டி இழுப்பதைத் தன் ஊரார் பார்க்க, அதில் உட்கார்ந்து போக அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு வந்தது.

ஆக, நான் ஓட்டினேன். வலது சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு. டிராக்டர்காரர் கைகாட்டினால் பிரேக்கை மிதிப்பேன். கயிறு தொய்ந்தால் மெல்ல விடுவேன். பனி விலகாத ரோடு. டிராக்டரின் புகை முழுக்க என் முகத்தில். விக்கிரவாண்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கூட்டேரிப்பட்டு அருகே ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து வருத்தத்தோடு தலையாட்டினார்.

சிரிக்காமல் கேளுங்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். என்ஜின் சத்தம் இல்லாததால் டயர் ரோட்டில் உருளும் சத்தம் கேட்டது. தோல் சீட்டு குளிரில் சில்லென்று இருந்தது. ஸ்டீயரிங்கின் மரம் என் உள்ளங்கையில் சூடேறியது. வளைவு வந்தால் நான் திருப்பினேன், கார் திரும்பியது. அது போதுமாக இருந்தது எனக்கு.

மண்டி மேடை

லாரிக்காரர் சொல்லியிருந்த இடத்துக்கு டிராக்டர் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. காரை உருட்டி லாரியில் ஏற்றுவதற்கு உயரமான மேடை வேண்டும். அவருக்குத் தெரிந்த மேடை, தினமும் மூட்டை ஏற்றும் மேடை. அது ஏழுமலையின் மண்டி.

டாக்டர் அங்கே வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. வெளியேயும் போகவில்லை. முற்றத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஏழுமலை கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கயிற்றைப் பார்த்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"இப்பிடியேவா மெட்ராசுக்குப் போறீங்க?"

டாக்டர் குனிந்து கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அங்க ஸ்டார்ட் பண்ணிக் காட்டுன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

"ஒரிஜினலா இருக்கான்னுதான் பாக்கறாங்க."

"டாக்டர் சார், பொணம்கூட ஒரிஜினல்தான்."

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் துணியில் சுற்றிய கார்புரேட்டர் இருந்தது. டாக்டர் முன்னால் நீட்டினார். டாக்டர் வாங்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"மார்க் போயிடும்" என்றார் தணிந்த குரலில்.

"செகரட்டரி சொல்லட்டும்" என்றார் ஏழுமலை. "அவர்தான் நம்ம ரெண்டு பேருக்கும் பொது."

நான் இன்னும் வலது சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். மாட்டினால் கார் ஓடும். ஓடும் காரில் அந்த சீட் என்னுடையது இல்லை. மாட்டாவிட்டால் லாரி மேலேயாவது மெட்ராஸ் வரைக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பிரேக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று லாரிக்காரர் சொல்லியிருந்தார். இதெல்லாம் என் மனதில் ஓடியது. நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

"மாட்டுங்க" என்றேன்.

மாட்டத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு இருவருமே குனிந்தார்கள். "அந்த நட்ட ரொம்ப இறுக்காதீங்க, மரை போயிடும்" என்றார் ஏழுமலை. "எனக்குத் தெரியாதா?" என்றார் டாக்டர். ஒரு மாதத்தில் அவர்கள் பேசிய முதல் நல்ல வார்த்தைகள் அவைதான். அரை மணியில் என்ஜின் இருமி, தும்மி, உயிர் வந்து உறுமியது. காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையைக் கொத்த வந்த காக்கைகள் பறந்தன.

டாக்டர் கதவைத் திறந்தார். நான் இறங்கினேன். அவர் வலது சீட்டில் உட்கார்ந்தார்.

இடது சீட்டுக்குப் போகலாம் என்று காரைச் சுற்றி வந்தேன். அதில் ஏழுமலை ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டே, "கார்புரேட்டர் போற எடத்துக்கு நானும் போவணுமில்ல செகரட்டரி" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். இரண்டு சீட் கார்.

"வர்றோம்" என்றார்கள் ஒரே குரலில். போய்விட்டார்கள். காலி லாரி, டிராக்டர், நான் மூவரும் முற்றத்தில் நின்றோம்.

கண்காட்சியில் அவர்களுக்கு மார்க் குறைந்தது. இருவரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்தப் பொங்கல் ஓட்டத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. அதுதான் செகரட்டரி ஏற்கனவே ஓட்டிவிட்டாரே என்று டாக்டர் யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் நடந்தது. கோலியனூர் டிராக்டரிலேயே திரும்பி வீட்டுக்கு வந்தேன். சரோஜா வாசலில் நின்றிருந்தாள். என் முகம் முழுக்கக் கரி.

"வண்டிய நீங்கதான் ஓட்டிக்கினு போனீங்களாமே? ரோட்டுல பாத்தேன்னு பால்காரர் சொன்னாரு."

"ஆமாம்."

"திண்டிவனம் வரிக்குமா?"

"திண்டிவனம் வரைக்கும்."

பால்காரர் எங்கே நின்று பார்த்தாரோ, அவர் எவ்வளவு சொன்னாரோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவள் வெந்நீர் எடுத்துவைத்தாள். லைசென்ஸை அலமாரியிலிருந்து எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அது வெகுகாலம் அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வருபவர்களிடம் எல்லாம் அதைக் காட்டி, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நான் கார் ஓட்டியதைச் சொல்வாள். பக்கத்தில் இருந்தால் நானும் தலையாட்டுவேன்.

நான் எழுதும் இந்தத் தொடரை, வாரா வாரம் பத்திரிகை வந்ததும் எனக்கு முன்னால் அவள்தான் படிக்கிறாள். கயிற்று விஷயம் அவளுக்கு இந்த வாரம்தான் தெரியவருகிறது.